பதினோராம் கட்டளை

சீனாய் மலையினின்று மோசே கொண்டு வந்த கட்டளைகள் பத்து என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். அமெரிக்க நாட்டில் துப்பாக்கி வைத்திருப்போரிடையேயும் 'பத்துக் கட்டளைகள்' என்ற ஒரு பட்டியல் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. துப்பாக்கியின் வாயை மனிதர்பால் திருப்பலாகாது. சுடும் நேரம் வரும்வரை விசைமீது விரல் வைத்தலாகாது. எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே எண்ணிக் கையாள வேண்டும் என்றவாறு அது செல்லும். வேட்டைக்குப் போகும் தந்தை தன் மகனுக்கு முதன் முதலாகக் கற்றுக்கொடுக்கும் பாடம் அது.

அந்தப் பட்டியலோடு இன்னொரு கட்டளையை, அந்நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ ஹாம்ப்ஷயர் என்னும் சிறிய மாநிலத்தார் சேர்த்தனர். வீட்டில் உள்ள ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ளக் கூடும் என்ற ஐயம் எழுமாயின், துப்பாக்கியைச் சிறிது காலத்திற்கு வீட்டைவிட்டு வெளியே பாதுகாப்பான ஓரிடத்தில் ஒப்படைத்து வைக்க வேண்டும் என்பதே அது. பத்தோடு பதினொன்று என்று தள்ளிவிடக் கூடிய கட்டளையன்று இது. இது பிறந்த கதையை நம் குடும்பங்கள் அறிதல் நலம்.

ஒரே கடை, மூன்று மரணங்கள்

2009-ஆம் ஆண்டு. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு வார காலத்திற்குள், ஒருவரையொருவர் அறியாத மூவர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கினர். வாங்கிய சில மணி நேரத்திற்குள் மூவரும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். கடையில் சட்டப்படி நடக்க வேண்டியவை அனைத்தும் நடந்திருந்தன. ஆயினும் கடையின் உரிமையாளருக்கு மனம் ஆறவில்லை. தம் கடையில் விற்ற பொருள் மூன்று குடும்பங்களில் விளக்கை அணைத்துவிட்டதே என்று கலங்கினார்.

அம்மாநிலத்தில் துப்பாக்கிப் பாதுகாப்பிற்கென ஒரு கூட்டமைப்பு ஏற்கெனவே இருந்தது. துப்பாக்கி வணிகர், துப்பாக்கி வைத்திருப்போரின் உரிமைக்காக வாதாடுவோர், பொதுநலத் துறையினர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்தனர். டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த எலெய்ன் ஃபிராங்க், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் பார்பர் ஆகிய இரு பெண்மணிகள் அதில் பெரும்பங்கு ஆற்றினர். துப்பாக்கி தேவையா, தேவையில்லையா என்ற பழைய வழக்கை அவர்கள் மேசைக்கு வெளியே வைத்துவிட்டனர். "நம்முள் எவரும் தம் நண்பரையோ மகனையோ இழக்க விரும்புவதில்லை, அதற்கு நாம் கூடிச் செய்யத்தக்கது யாது?" என்ற கேள்வி ஒன்றையே எடுத்துக்கொண்டனர்.

அதன் விளைவாக எழுந்ததே 'துப்பாக்கிக் கடைத் திட்டம்' என்னும் விழிப்புணர்வு இயக்கம். துன்பத்தில் இருக்கும் வாடிக்கையாளரை இனங்காண்பது எப்படி, விற்பனையை மறுப்பது எப்படி என்று கடைக்காரர்களுக்குக் குறிப்புகள் அச்சிட்டுக் கொடுத்தனர். கடைச் சுவரில் ஒட்டுவதற்குச் சுவரொட்டிகளும், வாடிக்கையாளருக்குக் கொடுக்கத் துண்டறிக்கைகளும் வழங்கினர். பின்னர் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தபோது, ஏறக்குறையப் பாதிக் கடைகளில் அவை கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருந்தன. எவரும் கட்டாயப்படுத்தாமல் கடைக்காரர்கள் தாமே மனமுவந்து செய்தது இது. அந்த மாநிலத்தைப் பின்பற்றி வேறு பல மாநிலங்களும் இத்தகைய திட்டங்களைத் தொடங்கின.

செய்தித்தாள் காட்டாத பாதி

அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவு என்றவுடன் பள்ளிக்கூடத்தில் நடந்த கொடுமையோ, தெருவில் நடந்த கொலையோதான் நம் நினைவிற்கு வரும். செய்தித்தாள்களில் இடம்பெறுவன அவையே. ஆனால் உண்மைக் கணக்கு வேறு. 2022-ஆம் ஆண்டில் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,204 பேர். அவர்களுள் 27,032 பேர் பிறரால் கொல்லப்பட்டவர் அல்லர். தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர். பாதிக்கும் மேற்பட்ட இம்மரணங்கள் அடைத்த கதவுகளுக்குப் பின்னே, பெரும்பாலும் வீட்டிற்குள்ளேயே, ஓசையின்றி நிகழ்ந்து முடிந்துவிடுகின்றன. குடும்பத்தாரும் வெட்கத்தினால் வாய் திறப்பதில்லை.

அந்நாட்டு மக்களுள் பத்தில் நான்கு பேர், துப்பாக்கி உள்ள வீட்டில் வாழ்வதாகக் கருத்துக் கணிப்புகள் கூறுகின்றன. திருடருக்கு அஞ்சித் துப்பாக்கி வாங்கியவரின் இல்லத்தில், அதனால் உயிரிழக்கும் ஆபத்து மிகுதியாக இருப்பது திருடருக்கன்று, அவ்வில்லத்தாருக்கே என்பதை அவர்களுள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை எண்ணிப் பார்க்கச் செய்வதே இவ்வியக்கங்களின் முதல் வேலை.

ஐந்து நிமிடம்

"சாக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவரைத் தடுக்க எவரால் முடியும்? ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியைத் தேடிக்கொள்வார்" என்று நம்மிடையே பலர் கூறுவர். இது பரிவற்ற சொல் மட்டுமன்று. பிழையான சொல்லும் ஆகும்.

டெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரில், மரணத்தின் வாயிலுக்குச் சென்று மீண்ட 13 முதல் 34 வயது வரையுள்ள 153 பேரை ஆய்வாளர்கள் சந்தித்து உரையாடினர். அவ்வாய்வு 2001-இல் வெளியாயிற்று. முடிவு செய்தற்கும் செயலில் இறங்கியதற்கும் இடையே எவ்வளவு நேரம் சென்றது என்று அவர்களைக் கேட்டனர். ஏறக்குறைய நால்வரில் ஒருவர் கூறிய விடை: ஐந்து நிமிடத்திற்கும் குறைவு. பத்துப் பேரில் எழுவர் ஒரு மணி நேரத்திற்குள் என்றனர்.

மற்றொரு செய்தி இன்னும் ஆறுதலளிப்பது. தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்று பிழைத்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்ததில், பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் அவ்வாறு இறக்கவில்லை என்பது தெரிய வந்தது. அவர்கள் வாழ்ந்தனர். வேலைக்குப் போயினர், பிள்ளைகளை வளர்த்தனர், பேரப்பிள்ளைகளைக் கண்டனர்.

இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்ப்போமாக. புயல் வந்து போகும் தன்மையது. அது உச்சத்தில் வீசும் நேரம் மிகச் சிறிது. அச்சிறு நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கொடிய கருவி ஒன்று இருக்கின்றதா, இல்லையா என்பதே சில வேளைகளில் ஓர் உயிரின் கதியைத் தீர்மானித்துவிடுகின்றது. துப்பாக்கி பெரும்பாலும் மறுவாய்ப்பு அளிப்பதில்லை. ஆகவே கருவிக்கும் மனிதருக்கும் இடையே ஒரு பூட்டை, ஒரு தொலைவை, ஒரு மணி நேரத்தை வைப்பது மனிதரைக் காப்பதாகும்.

சாவியை வாங்கி வைத்தல்

1988-ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தினர் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். விருந்துக்குச் செல்லும் நண்பர்களுள் ஒருவர் மது அருந்தாமல் இருந்து, ஏனையோரை வண்டியில் பத்திரமாக வீடு சேர்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். தொலைக்காட்சித் தொடர்களின் வாயிலாகவும் அச்செய்தி பரவியது. குடித்திருக்கும் நண்பரிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது அவமதிப்பன்று, நட்பின் கடமை என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியது.

அதே எண்ணத்தைத் துப்பாக்கிக்கும் பொருத்தினர் இவ்வியக்கத்தார். மணமுறிவு, வேலையிழப்பு, கடன் சுமை, அன்புக்குரியவரின் மறைவு, குடிப்பழக்கம், ஆழ்ந்த மனச்சோர்வு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் சிக்கியிருக்கும் நண்பரிடம் சென்று, "அண்ணா, நிலைமை சீராகும் வரை உன் துப்பாக்கியை நான் வைத்திருக்கிறேன், பிறகு வாங்கிக்கொள்" என்று கேட்கக் கற்பித்தனர். 'பறித்தல்' என்ற சொல்லை அறவே தவிர்த்து, 'சிறிது காலத்திற்கு' என்ற சொல்லை அழுத்திக் கூறினர். உரிமையைப் பறிக்க வந்தவர் என்று எண்ணினால் கதவை அடைப்பவர், நண்பர் என்று அறிந்தால் கதவைத் திறப்பார் அன்றோ? கொலராடோ, வாஷிங்டன் ஆகிய மாநிலங்களில், துப்பாக்கியைத் தற்காலிகமாக ஒப்படைத்து வைக்க இசையும் கடைகளையும் காவல் நிலையங்களையும் காட்டும் வரைபடங்களே வெளியிடப்பட்டன.

எந்தப் பணியும் வெற்றி பெற வேண்டுமாயின், கேட்பவரின் மொழியில், அவர் நம்பும் மனிதரின் வாயிலாகச் செய்தி செல்ல வேண்டும். மருத்துவர் நூறு முறை கூறியும் கேளாதவர், தம்மோடு வேட்டைக்கு வரும் தோழர் ஒரு முறை கூறினால் கேட்கின்றார். துப்பாக்கி வணிகர்களின் சங்கமே 1999 முதல் நடத்தி வரும் திட்டத்தின் வழியாக, 4 கோடிக்கும் மேற்பட்ட பூட்டுகளை இலவசமாக வழங்கியுள்ளது. 2016-இல் அச்சங்கம், தற்கொலைத் தடுப்பிற்காக உழைக்கும் நிறுவனத்தோடு கைகோத்தது. முன்னாள் படைவீரர் நலத்துறையும் பூட்டுகளை இலவசமாகக் கொடுக்கின்றது.

குழந்தைகள் உள்ள இல்லம்

2015-இல் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பின்படி, அந்நாட்டில் ஏறக்குறைய 46 இலட்சம் சிறுவர்கள், தோட்டா நிரப்பிய துப்பாக்கியொன்று பூட்டப்படாமல் இருக்கும் இல்லங்களில் வாழ்ந்து வந்தனர். "எங்கள் வீட்டில் அது எங்கிருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது" என்று பெற்றோர் உறுதியாகக் கூறுவர். ஆனால், தந்தை ஒளித்து வைத்த மிட்டாயைக் கண்டுபிடிக்காத பிள்ளை எந்த நாட்டில் உண்டு?

2005-இல் வெளியான ஓர் ஆய்வு, நான்கு பழக்கங்களைச் சுட்டிக் காட்டியது. துப்பாக்கியைப் பூட்டி வைத்தல், தோட்டாவை அகற்றி வைத்தல், தோட்டாவையும் பூட்டி வைத்தல், இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைத்தல் என்பன அவை. இவற்றுள் ஒவ்வொன்றும், சிறுவரும் இளைஞரும் துப்பாக்கியால் தமக்குத் தீங்கிழைத்துக்கொள்வதும் விபத்தில் காயமுறுவதும் குறைந்திருப்பதோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது.

2018-இல் தொடங்கிய ஓர் இயக்கம், பூட்டப்படாத துப்பாக்கியால் வீட்டிலுள்ளோருக்கு நேரும் கேட்டினைக் 'குடும்பத் தீ' என்னும் பொருள்படும் புதுப்பெயரால் அழைத்து, விளம்பரங்கள் வாயிலாகப் பரப்பியது. அதற்கும் முன்னரே, 2000-ஆம் ஆண்டில், குழந்தை மருத்துவர் கழகமும் மற்றொரு தொண்டு அமைப்பும் சேர்ந்து பெற்றோருக்கு ஓர் எளிய கேள்வியைக் கற்றுக்கொடுத்தன. பிள்ளையை விளையாட அனுப்புமுன், "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும் என்பதே அது. நம் பங்குகளிலிருந்து சென்று அந்நாட்டில் குடியேறியுள்ள மக்களும் மருமக்களும் இதனைக் கேட்கக் கூச்சப்படுவது இயல்பே. 'வீட்டில் நாய் உண்டா?' என்று கேட்பது போன்றே இதனையும் கேட்கலாம்.

பூட்டு யார் கையில்?

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் கூறுதல் வேண்டும். விளம்பரம் மட்டும் போதாது. 2016-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று, அறிவுரை மட்டும் கூறியபோது பயன் தெளிவாகத் தெரியவில்லை என்றும், அறிவுரையோடு பூட்டையும் கையில் கொடுத்தபோது மக்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டனர் என்றும் காட்டியது. ஆனால், பூட்டும் மட்டும் போதாது. பிள்ளையைக் காக்கத் தந்தையின் கையில் சாவி இருத்தல் தகும். சோர்வுற்றிருப்பவர் தந்தையே ஆயின், சாவி அவரது சட்டைப்பையில் இருந்து என்ன பயன்? அப்பொழுதுதான் பதினோராம் கட்டளை வேண்டப்படுகின்றது.

இஸ்ரயேல் நாட்டின் படையில் நடந்ததை இதற்குச் சான்றாகக் கூறலாம். இளம் வீரர்கள் வார இறுதி விடுப்பில் வீடு செல்லுங்கால் துப்பாக்கியையும் உடன் கொண்டு செல்வது வழக்கமாக இருந்தது. 2006-இல் அதனை மாற்றி, ஆயுதத்தைப் பாசறையிலேயே விட்டுச் செல்லப் பணித்தனர். அதன்பின் அவ்வீரர்களிடையே தற்கொலைகள் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தன. குறைவு வார இறுதி நாட்களிலேயே காணப்பட்டது. ஏனைய நாட்களில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. வீரர்களின் துயரம் மறைந்துவிடவில்லை. துயரம் மிகுந்த நேரத்தில் துப்பாக்கி அருகில் இல்லை, அவ்வளவே.

நம் ஊர்களில் துப்பாக்கிக்குப் பதிலாக

நம் இல்லங்களில் துப்பாக்கி அரிது. ஆனால் உழவர் வீட்டின் மூலையில், நெல் மூட்டைக்கு அருகில், பூச்சிமருந்து புட்டி இருப்பது அரிதன்று. அமெரிக்காவில் துப்பாக்கி எவ்விடத்தில் நிற்கின்றதோ, நம் கிராமங்களில் அவ்விடத்தில் நிற்பது இதுவே.

இலங்கை நாட்டைப் பார்ப்போம். 1995-இல் அங்கே இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்மை மாய்த்துக்கொண்டனர். உலகில் மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. அரசு கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் அவ்விகிதம் ஏறக்குறைய 70 விழுக்காடு வீழ்ந்தது. இத்தடைகளால் காப்பாற்றப்பட்டோர் ஏறத்தாழ 93,000 பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அதே நாட்டில் 180 சிற்றூர்களில், வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துச் செய்த பெரிய ஆய்வு 2017-இல் வெளியானபோது, பெட்டியால் மட்டும் குறைவு ஏற்படவில்லை என்று தெரிந்தது. வீட்டிற்குள்ளேயே பெட்டி, வீட்டிற்குள்ளேயே சாவி! துப்பாக்கி கற்பித்த அதே பாடம்.

நம் கடலூர் மாவட்டத்தில், சென்னையிலுள்ள சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை 1986-இல் நிறுவிய மருத்துவர் இலட்சுமி விஜயகுமாரும் அவருடன் பணியாற்றியோரும் வேறு வழி கண்டனர். ஊருக்குப் பொதுவாக ஒரு சேமிப்பகம் அமைத்து, உழவர் தத்தம் பூச்சிமருந்தை அங்கே தனித்தனிப் பெட்டகங்களில் பூட்டி வைக்கச் செய்தனர். வேண்டும்போது சென்று எடுத்து, மீண்டும் அங்கேயே வைத்தனர். அவ்வூர்களில் பூச்சிமருந்தால் நேர்ந்த தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்தன என்று 2013-இல் அவர்கள் வெளியிட்டனர். சேமிப்பகம் வரை நடக்கும் சிறு தொலைவும், அங்கே எதிர்ப்படும் ஒரு மனித முகமுமே அத்துணை வலிமை வாய்ந்தவை.

கேட்பதால் தீங்கில்லை

பூட்டும் தொலைவும் நேரத்தைத்தான் பெற்றுத் தருகின்றன. அந்த நேரத்தில் ஒரு மனிதர் வந்து அமர வேண்டும். "சாவைப்பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமோ?" என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வேண்டா. பரிவோடு நேராகக் கேட்பது அவ்வெண்ணத்தை உண்டாக்குவதில்லை. மாறாக, தனித்துச் சுமந்த பாரத்தை இறக்கி வைக்க இடம் தருகின்றது. உறக்கமின்மை, எவரோடும் சேராது ஒதுங்குதல், "நான் இருந்து என்ன பயன்?" என்ற பேச்சு, அருமையாகப் போற்றிய பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவை கண்ணில் பட்டால் காத்திராமல் கேளுங்கள்.

நம்மிடையே வாயைக் கட்டிவிடுவது வெட்கமே. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தெரிந்து திட்டமிட்டுத் தம்மை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை மறுத்தது. 1983-இன் புதிய தொகுப்பில் அத்தடை இடம்பெறவில்லை. கடும் மனக்குலைவும் அச்சமும் துன்பமும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கக் கூடும் என்று 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல் தெளிவாகக் கூறுகின்றது. ஆகவே அத்தகைய இழப்பிற்குள்ளான குடும்பத்தைப் பார்த்து முகம் திருப்புவோர்க்குத் திருச்சபையின் ஆதரவு இல்லை.

சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, 'போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்' என்று வேண்டிய இறைவாக்கினர் எலியாவை நினையுங்கள். வந்த வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அறிவுரையும் கூறவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி உறங்கவிட்டார், மீண்டும் வந்து எழுப்பினார். மனநலப் பணியின் முதற்பாடம் அங்கேயே இருக்கின்றது.

இன்று மாலை ஜெபம் முடிந்தபின், வீட்டில் உள்ள பூச்சிமருந்தும், மிஞ்சிய மாத்திரைகளும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். தேவையற்றதை அகற்றுங்கள். தேவையானதைப் பூட்டி, சாவியைத் தக்கவரிடம் கொடுங்கள். வீட்டில் எவரேனும் வாடியிருந்தால், இரண்டையும் வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் என்னும் இலவச உதவி எண் 14416, தமிழகத்தில் 104, சிநேகா மையத்தின் எண் 044-24640050. இலங்கையில் 1926. அமெரிக்காவில் உள்ள நம் பிள்ளைகளுக்கு 988. இவ்வெண்களை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

கடைக்காரர் ஒருவர், தாம் விற்ற பொருளுக்கும் தம் அயலாரின் உயிருக்கும் இடையே தமக்கொரு கடமை உண்டென்று உணர்ந்தார். அவ்வுணர்விலிருந்தே பதினோராம் கட்டளை பிறந்தது. கற்பலகையில் அது எழுதப்படவில்லை. எனினும் 'கொலை செய்யாதே' என்ற ஐந்தாம் கட்டளையின் மறுபக்கம் அதுவே. பிறர் உயிரைப் பறிக்காதிருத்தல் பாதிக் கடமை. ஐந்து நிமிடப் புயலில் தள்ளாடும் ஓர் உயிரின் அருகே, சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு அமர்ந்திருத்தல் மறுபாதி.